நாலு வள்ளம் சாமை

"குடுத்தவங்க அப்புறம் என்ன சாப்பிட்டாங்க, டீச்சர்?"

ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி இப்படிக் கேட்டு ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும். கடல் தாண்டி அமெரிக்கக் கரையில் இறங்கிய பக்தியுள்ள குடும்பங்கள் முதல் குளிர்காலத்தில் பட்டினி கிடந்ததையும், அந்த மண்ணின் மக்கள் தானியம் கொடுத்து அவர்களைக் காப்பாற்றியதையும் ஜெயபிரியா அன்று கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் பிழைத்தவர்களை நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சிறுமி மட்டும் கொடுத்தவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆண்டவர் அவங்களுக்கும் குடுத்திருப்பார்" என்று சொல்லிவிட்டு ஜெயபிரியா பாட்டு வகுப்பை ஆரம்பித்துவிட்டாள். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது ஜெயபிரியாவுக்கு முப்பத்தாறு வயது. தருமபுரியின் ஓரத்தில், வத்தல்மலைக்குப் போகும் சாலையில் வீடு. கணவன் மாதவராஜ் வீட்டுக்கு முன்னாலேயே பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தான். அவள் சென்னையில் உள்ள ஒரு சிறிய கிறிஸ்தவப் பதிப்பகத்துக்காக ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். அட்டையில் அவள் பெயர் வரப்போகும் முதல் புத்தகம் அது.

நாவல் நடப்பது இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன், பென்சில்வேனியாவின் எல்லைக் காட்டில். ஹன்னா என்ற இளம் விதவை, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் இரண்டு தம்பிகளோடு வாழ்கிறாள். ஜோசையா என்ற தச்சன் அவளை விரும்புகிறான். பனி, சண்டை, பஞ்சம், ஜெபம், கடைசியில் கல்யாணம். முடித்த பகுதிகளை ஜெயபிரியா புதன்கிழமை மதியம் சபைப் பெண்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவாள். காதுக்கு இடறும் இடங்களைத் திருத்திக்கொள்ளத்தான் ஆரம்பித்தாள். நாலு வாரத்தில், ஜெபத்துக்கு வராதவர்கள்கூட ஹன்னாவுக்காக வரத் தொடங்கிவிட்டார்கள்.

"இந்த ஜோசையா வாயத் தொறந்து கேக்கப் போறானா இல்லையா?" என்று பானுமதி அக்கா அலுத்துக்கொள்வாள். கூட்டத்தின் தலைவி அவள்தான். "நூத்தம்பது பக்கமா அவ வூட்டுக் கதவுக்குக் கீல் அடிச்சுக்கிட்டே இருக்கான். எங்க வூட்டுக்காரரு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ரெண்டாவது தட்டு கேசரி கேட்டாரு. தைரியம்னா அது!"

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் செல்லி இதற்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஐம்பது வயதுக்காரி. புதன்தோறும் வத்தல்மலையிலிருந்து பேருந்தில் வந்து புளி, மிளகு, காப்பிக்கொட்டை விற்பவள். அவள் சபையைச் சேர்ந்தவள் இல்லை, மலையில் அவளுக்குத் தன் தெய்வம் உண்டு. விற்று முடித்ததும் மாலைப் பேருந்து வரும்வரை மின்விசிறிக் காற்றுக்காக உள்ளே வந்து உட்கார்வாள். முதலில் தூங்கினாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள்.

தை பிறந்த முதல் புதன் அன்று ஜெயபிரியா பஞ்சம் வரும் அத்தியாயத்தை வாசித்தாள். பனி உருகிவிட்டது, விதைக்க இன்னும் நாள் இருக்கிறது, ஹன்னாவின் வீட்டில் ஒரு பிடி மாவு இல்லை. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் பூர்வகுடிப் பெண் ஒருத்தி, தன் குடிசைக் கூரையில் பின்னிக் கட்டியிருந்த மக்காச்சோளக் கதிர்களை அவிழ்த்து எடுத்துவந்து ஹன்னாவின் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். நாவலில் அவளுக்குப் பெயர் இல்லை. ஹன்னா மண்டியிட்டு ஜெபித்துவிட்டு அதை உதிர்த்து வேகவைக்கிறாள். தம்பிகள் பிழைக்கிறார்கள்.

பெண்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"ஐயோ, வேகவெச்சிட்டாளா?" என்று கடைசி வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

பானுமதி அக்கா திரும்பினாள். "பசிச்சா வேகவெச்சுத்தான் திங்கணும் செல்லி. பின்ன மாலையா கட்டிப் போட்டுக்குவாங்களா?"

"அதில்லீங்க." செல்லி எழுந்தே நின்றுவிட்டாள். "கூரையில கட்டி வெச்சதுன்னா அது வெதையாச்சே. வெதைக்கற மாசத்துக்கு முன்னாடி எந்த வூட்லயும் திங்கற தவசம் மிச்சம் இருக்காது. அந்தம்மா வெதையத்தான் அவுத்துக் குடுத்திருக்குது. டீச்சரம்மா, அந்த வருசம் அந்தம்மா என்ன வெதச்சாங்க? புத்தகத்துல போட்டிருக்குதுங்களா?"

ஜெயபிரியா புத்தகம் முழுவதையும் படித்தவள். இருந்தாலும் பக்கங்களைப் புரட்டினாள். "இல்லக்கா. அவங்களப் பத்தி அப்புறம் ஒண்ணுமே வரல."

"இந்தக் கல்யாணப் பொண்ணு திருப்பிக் குடுக்கலீங்களா?"

"அதுவும் வரல."

"பாவம்," என்றாள் செல்லி. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை அரிசி களையும்போது ஜெயபிரியாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

கொரோனா ஊரடங்கின் முதல் வருடம், மே மாதம். சாலை போட வந்து ஊருக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட வடநாட்டுக் குடும்பங்களுக்கு அவளும் மாதவராஜும் கடைக்கு முன்னால் பந்தல் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். மூன்றாவது வாரம் அரிசி தீர்ந்தது. பேருந்து ஓடாத அந்த நாளில் செல்லி தலையில் மூட்டையோடு மலை முழுவதும் நடந்தே இறங்கி வந்தாள். "நாலு வள்ளம் சாமைங்க. காய்ச்சி ஊத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துத் திரும்பி ஏறினாள். வள்ளம் என்பது அந்தப் பக்கத்துத் தானிய அளவு, நாலு வள்ளம் இருபது கிலோ வரும். தானியம் முழுக்கச் சாம்பலும் வேப்பிலையும் கலந்திருந்தது. "கொஞ்சம் தூசி தட்டிக் குடுத்திருக்கக் கூடாதா" என்று முணுமுணுத்தபடி ஜெயபிரியா மூன்று தண்ணீரில் அலசினாள். காயவைத்து, மில்லில் உமி நீக்கி, ஒன்பது நாள் கஞ்சி காய்ச்சினாள். அதற்குள் அரசு லாரி வந்துவிட்டது. செல்லிக்கு நன்றி சொன்னாள். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள். கணக்கு தீர்ந்தது என்று நினைத்திருந்தாள்.

சாம்பல் போட்டு வைப்பது பூச்சி அரிக்காமல் இருக்க. தின்கிற தானியத்துக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

"என்னங்க," என்று கடைப்பக்கம் ஓடினாள். "செல்லியக்கா அன்னைக்குக் குடுத்தது வெத சாமைங்க. நாம வெதைய வேகவெச்சிட்டோம்."

மாதவராஜ் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அஞ்சு வருசமா வாரா வாரம் வந்து போறாங்க. ஒரு வார்த்த சொல்லலியே!"

"நாமளும் கேக்கலியே."

தெரியாமல் செய்த பிழையை ஆண்டவர் மன்னிப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தெரிந்த பிறகும் மன்னிப்போடு நின்றுவிடுவது சோம்பேறித்தனம் என்று அவளுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை செல்லியின் மகள் அம்பிகா கல்யாணப் பத்திரிகையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஓசூரில் கம்பெனி வேலை பார்ப்பவள். அங்கேயே வேலை பார்க்கும் தீர்த்தன்தான் மாப்பிள்ளை, அவனும் வத்தல்மலைக்காரன். அடுத்த வியாழன் கல்யாணம், மலையிலேயே.

"பேசி முடிச்சதா, பிடிச்சு முடிச்சதா?" என்று ஜெயபிரியா கேட்டாள்.

"பிடிச்சதுதாங்க்கா. ஆறு மாசம் கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்டுலயே வந்தாரு, ஒண்ணும் பேசல. நான்தான் பேரு கேட்டேன்." அம்பிகா வெட்கப்படாமல் சிரித்தாள். "அம்மா சொல்லுது, உங்க கதையில வர்ற தச்சனாட்டம்னு."

காப்பி கொடுத்துவிட்டு ஜெயபிரியா நேராகக் கேட்டாள். "அம்பிகா, கொரோனா அப்ப உங்கம்மா எனக்குக் குடுத்த சாமை, வெத சாமைதானே?"

அம்பிகா டம்ளரைப் பார்த்தாள். "அம்மா திட்டும்க்கா."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. செல்லியின் தாய் வழியில், பெண் கல்யாணமாகிப் போகும்போது பிறந்த வீட்டுத் தொம்பையிலிருந்து ஒரு படி விதையை மடியில் கட்டி அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். தொம்பை என்றால் மண்பூசிய பெரிய தானியக்கூடு. செல்லியும் அவள் அக்காவும் அப்படித்தான் வாழப் போனார்கள். கடையில் வாங்கிய விதை அந்த மடிக்கு ஆகாது. அந்த மே மாதத்துக்குப் பிறகு அவர்கள் காட்டில் முளைத்ததெல்லாம் கடை விதைதான். அதை அந்தக் கூட்டில் போடுவதும் இல்லை, பழைய சாமையோ ஒரு மணிகூட மிச்சம் இல்லை.

"கல்யாணம் நிக்காதுங்க்கா. அவுங்க வூட்ல கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா நான் வெறும் மடியோட போவேன். வெதையக் காப்பாத்தத் தெரியாதவன்னு அம்மாவத்தான் சொல்லுவாங்க. காரணத்த அது யார்கிட்டயும் சொல்லாது. பத்து நாளா சரியா சாப்பிடறது இல்ல."

"அந்த விதை வேற எங்கயும் இல்லியா?"

"சித்தேரியில எங்க பெரியம்மா நஞ்சம்மாள் வூட்ல இருக்குதுங்க. அது மடியில கட்டிக்கிட்டுப் போனது அந்தச் சாமைதானே. ஆனா பொண்ணோட அனுப்புனத பொறந்த வூட்டு ஆளுங்க திருப்பிக் கேக்கக் கூடாது. பெரியம்மாவா குடுத்து அனுப்பினாலும் எங்க வூட்டுக்கு அவமானம்."

"வாங்கித் தின்னவங்க திருப்பிக் குடுக்கலாம் இல்ல?"

அம்பிகா நிமிர்ந்தாள். "அது குடுக்கலாங்க. ஆனா நாங்க கேக்கக் கூடாது. குடுத்தவங்க கை நீட்டி வாங்கவும் கூடாது. ஆளு இல்லாத நேரமா வந்து தொம்பையில கொட்டிட்டுப் போயிடுவாங்க, அந்தக் காலத்துல."

"செவ்வாக்கிழம உங்க வூட்ல யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டோம்க்கா. கோயில்ல பொங்கல் வெக்க எல்லாரும் போயிடுவோம்." சொல்லிவிட்டு அம்பிகா சட்டென்று எழுந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களும் ஒண்ணும் கேக்கல." பத்திரிகைக் கட்டோடு போய்விட்டாள்.

அன்று மதியம் பதிப்பகத்திலிருந்து ஆசிரியர் அழைத்தார். கடைசி நாலு அத்தியாயங்கள் திங்கட்கிழமை வேண்டும்.

"சார், ஒரு சந்தேகம். கல்யாணத்துக்கு முன்னாடி ஹன்னா அந்தப் பெண்ணுக்குச் சோள விதை திருப்பிக் குடுத்த மாதிரி ரெண்டே வரி சேர்க்கலாமா?"

"மூலத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படிம்மா? அது அந்த எழுத்தாளரோட புத்தகம். படிக்கறவங்களும் கல்யாணத்துக்காகத்தான் கடைசி வரைக்கும் வர்றாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஜெயபிரியா யோசித்துப் பார்த்தாள். ஹன்னா கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதினால் யாருடைய வயிறும் நிறையாது. அக்கரைப் பெண் அந்த வருடம் எதையும் விதைத்துவிடப் போவதில்லை. தன் பேனா ஹன்னாவின் கடனை அடைக்காது. தன்னுடையதை அடைக்கத் தனக்குக் கை கால் இருக்கிறது. அப்படி நினைத்ததும் மனம் லேசாயிற்று. மாலைக்குள் இரண்டு அத்தியாயம் முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். அரூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலைப்பாதையில் ஏறினார்கள். நஞ்சம்மாளின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. களத்தில் கேழ்வரகுக் கதிர் குவிந்து கிடந்தது. அறுபது வயதைத் தொட்ட நஞ்சம்மாள் கோலால் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் மாது முறத்தில் தூற்றிக்கொண்டிருந்தார்.

ஜெயபிரியா வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். நஞ்சம்மாளின் கோல் நின்றது.

"செல்லி அனுப்புனாளா?"

"இல்லைங்கம்மா. நான் வந்தது அவங்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

"வெதையவா கழுவி வேகவெச்ச?"

"ஆமாங்க. சாம்பலத் தூசின்னு நெனச்சு மூணு தண்ணியில கழுவுனேன்."

மாது முறத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு தண்ணியில கழுவுச்சாம்! சோப்பு போடலியா கண்ணு?"

நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு வருசமா தொம்பை காலியா கெடக்குது. போன பண்டிகைக்கு வந்தப்பகூட எங்கிட்டச் சொல்லலியே, கள்ளி. சாமை எப்படி வெளஞ்சுதுன்னு கேட்டேன். நல்லா வெளஞ்சுதுக்கான்னு சொன்னாளே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாருக்குக் காய்ச்சி ஊத்துனீங்க?"

"வடக்க இருந்து வேலைக்கு வந்தவங்களுக்குங்க. பிள்ளைங்களும் இருந்தாங்க."

"தின்னாங்களா?"

"ஒன்பது நாள் தின்னாங்க. எல்லாரும் உசிரோட ஊர் போய்ச் சேர்ந்தாங்க."

நஞ்சம்மாள் கோலைக் கையில் எடுத்தாள். பிறகு எழுந்தாள். "எந்தங்கச்சிக்கு நான் குடுக்கக் கூடாது. ஆனா வெத கேட்டு வந்த வேத்தாளுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது. உனக்குத் தர்றேன். நீ யாருக்குக் குடுக்கறயோ, அது ஒம்பாடு."

மாதவராஜ் சட்டைப்பையில் கைவிட்டான். "எவ்வளவுங்கம்மா…"

"கைய எடு தம்பி! வெதைக்கு வெல சொல்ற வூடா இது? களத்துல வேல கெடக்குது பாரு."

ஆக அன்று முழுவதும் இருவரும் கேழ்வரகு அடித்தார்கள். மாதவராஜ் தூற்றும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் நின்றான். அரை முறம் உமி அவன் தலையில் வந்து விழுந்தது. "என்சினுக்கு எண்ண விடறவன் காத்துக்கு என்ன செய்வான்?" என்று மாது கேலி செய்தார். நடுப்பகலில் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். ஜெயபிரியாவின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் எழுந்தது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை.

பொழுது சாயும்போது நஞ்சம்மாள் தன் தொம்பையைத் திறந்து நாலு வள்ளம் அளந்து போட்டாள். அளக்கும்போது தங்கையின் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொன்னாள். பைக்கில் மூட்டையை வைத்துக் கட்டியபின் ஜெயபிரியாவின் கன்னத்தைத் தடவினாள். "கல்யாணத்தன்னைக்குப் பாக்கறேன். எனக்கு உன்னத் தெரியாது. உனக்கும் என்னத் தெரியாது."

"சரிங்கம்மா."

திங்கட்கிழமை அவள் கடைசி அத்தியாயத்தை அனுப்பினாள். மூலத்தில் இருந்தபடியே, ஒரு வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஹன்னா ஜோசையாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்திலிருந்து வெளியே வந்தாள். அவர்கள் நன்றாக வாழட்டும் என்று ஜெயபிரியா மனதார வாழ்த்தினாள். காதலிப்பவர்கள்மேல் அவளுக்கு எப்போதும் பிரியம் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை மாதவராஜ் மூட்டையைப் பேருந்தில் ஏற்றிவிட்டான். "நானும் வர்றேனே. இருபது கிலோவுக்குக் கொறையாது."

"அவங்க இதத் தலையில வெச்சுக்கிட்டு மலை பூரா எறங்குனாங்க. நான் பஸ்ஸுல போறேன். அப்புறம் ரெண்டு பேர் போனா ரெண்டு பேருக்குத் தெரிஞ்சுடும்."

"எனக்குத்தான் தெரியுமே!"

"நீங்க பாக்கலியே," என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

வளைவுக்கு மேல் வளைவாகப் பேருந்து ஏறியது. செல்லியின் ஊருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே போகும் தடத்தில் நடந்தாள். மூட்டை கழுத்தை அழுத்தியது. மூன்று இடத்தில் இறக்கி வைத்துத் திரும்பத் தூக்கினாள். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது மேட்டுக் கோயிலிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. ஊரே அங்கே இருந்தது.

செல்லியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாசல் சாணி மெழுகிக் காய்ந்திருந்தது, கல்யாணப் பந்தலுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். ஜெயபிரியா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மூலையில் ஆள் உயரத்துக்குத் தொம்பை நின்றது. மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். விரலுக்கு எட்டிய வரை வெறும் காற்று. கூட்டின் உட்சுவரை யாரோ புதிதாக மெழுகியிருந்தார்கள். போட எதுவும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் செல்லி அதை மெழுகியிருக்க வேண்டும்.

மூட்டையை விளிம்பில் சாய்த்து வாயைப் பிரித்தாள். முதலில் சிறு மழைபோல விழுந்தது. அடி நிரம்பியபின் சத்தம் மெத்தென்று ஆயிற்று. கடைசி மணி விழும்வரை சாக்கைப் புரட்டி உதறினாள். தரையில் சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டாள். யார் பெயரையும் சொல்லாமல் கொஞ்ச நேரம் கூட்டின்மேல் கையை வைத்து நின்றாள். பிறகு மூடியை இருந்தபடி வைத்து, கதவை இருந்தபடி சாத்தினாள்.

மேளம் இறங்கி வரும் திசையில் இருந்தது பெரிய பாதை. அவள் காலிச் சாக்கை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கத் தடத்தில் வேகமாக நடந்தாள்.